விற்காத கூடை

(புதுச்சேரி கதிர்காமத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில், பணி ஓய்வு பெற்ற கைத்தொழில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



வழுதாவூர் சாலையில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் தொடங்கிய பிறகு நம் கதிர்காமத்தின் முகமே மாறிப்போனது. மருந்துக் கடைகள் வந்தன, டீக்கடைகள் வந்தன, ஆட்டோ நிறுத்தம் பெருகியது. கூடவே இன்னொரு கூட்டமும் வந்து சேர்ந்தது. உள்ளே படுத்திருப்பவருக்காக வெளியே காத்திருப்பவர்கள். அவர்களுக்கு நோயில்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் முடிக்கும்வரை, ஸ்கேன் ரிப்போர்ட் வரும்வரை, ராத்திரி விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கை மடியில் கிடக்கும். மனம் மட்டும் ஆபரேஷன் தியேட்டருக்கும் வீட்டுக்கும் வங்கிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வராந்தாவில் உட்காராத குடும்பம் இந்தப் பக்கத்தில் அதிகம் இருக்காது. இன்று நான் பேச வந்திருப்பது மடியில் கிடக்கும் அந்தக் கைகளைப் பற்றி.

அப்படிச் சும்மா இருக்கும்போது, நெஞ்சை உலுக்கிய ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்து நிற்கும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதை விரட்டத் தனக்குத்தானே புத்தி சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் பலன் இருக்காது. இங்கிலாந்தில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004இல் சில சோதனைகளை வெளியிட்டார்கள். மனத்தைப் பதற வைக்கும் விபத்துக் காட்சிகளைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் சும்மா பார்த்தார்கள். ஒரு பகுதியினர், கண்ணுக்கு மறைவாக வைத்திருந்த விசைகளை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் விரலால் தட்டிக்கொண்டே பார்த்தார்கள். அடுத்த ஒரு வாரம், அந்தக் காட்சிகள் கூப்பிடாமலே மனத்தில் வந்து நின்ற தடவைகளைக் குறித்து வைத்தார்கள். விரலுக்கு வேலை கொடுத்தவர்களுக்கு அவை குறைவாக வந்தன. வேறொரு சோதனையில், வாய்விட்டு எண்களை மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்த குழுவுக்கோ அதிகமாக வந்தன. 2006இல் இதே வழியில் இன்னொரு சோதனை. இந்த முறை கையில் கொடுத்தது பிசையும் களிமண். படத்தைப் பார்த்துக்கொண்டே கனசதுரமும் பிரமிடும் பிடித்தவர்களுக்கும் அந்தக் காட்சிகளின் தொல்லை குறைந்தது.

காரணம் விளங்காத மாயம் எதுவும் இதில் இல்லை. உருவங்களையும் இடங்களையும் அந்தந்த நேரத்துக்கு மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம் மிகச் சிறியது என்று ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற இருவர் 1974இலேயே தொடங்கிய ஆராய்ச்சி சொல்கிறது. கை ஒரு வடிவத்தைப் பின்தொடரும்போது அந்தச் சிறிய இடத்தைக் கை எடுத்துக்கொள்கிறது. பயமுறுத்தும் படத்துக்கு அங்கே உட்கார இடம் கிடைப்பதில்லை. வாய் முணுமுணுப்பது வேறு இடத்தில் நடப்பதால் அது அவ்வளவாக உதவுவதில்லை.

உடம்பின் பக்கம் இருந்து ஒரு சான்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் கிரிஜா கைமல் என்பவர் 2016இல் வெளியிட்ட ஆய்வு. 39 பெரியவர்களுக்குக் காகிதம், வண்ணப் பேனா, களிமண் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலைச் சோதித்து, மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அது இறங்கியிருந்தது. இது சிறிய ஆய்வு. இதை மட்டும் வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனால் அதில் கிடைத்த இன்னொரு விஷயம் எனக்கு மிகப் பிடித்தது. முன்பே படம் வரையத் தெரிந்தவர்களுக்கும், பென்சிலே பிடிக்காதவர்களுக்கும் இதில் வேறுபாடு இல்லை. ‘டீச்சர், எனக்குக் கையே வராது’ என்று என்னிடம் சொன்ன ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் நாம் வெளியே போய்ப் பொருள் தேட வேண்டியதில்லை. முதலில் வாசலுக்கு வருவோம்.

மார்கழியில் தட்டாஞ்சாவடி வரை நடந்து பாருங்கள். ஸ்டிக்கர் கோலம் ஒட்டிய வீடுகள் நடுநடுவே இருந்தாலும், கையால் போட்ட கோலத்துக்கு இன்னும் பஞ்சமில்லை. எல்லாக் கோலமும் அழகுதான். மனத்தை அடக்குவதில் மட்டும் சிக்குக் கோலத்துக்கு ஈடில்லை என்பது என் தீர்மானமான எண்ணம். வண்ணப்பொடி தூவும் ரங்கோலியில் கை ஓடும், மனம் தனியாகவும் ஓடும். சிக்குக் கோலத்தில் அது நடக்காது. புள்ளிகளை வைத்த பிறகு, கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றிப் போக வேண்டும், போன கோட்டை வெட்டிக்கொண்டு திரும்ப வேண்டும், கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு வளைவில் கவனம் தப்பினால் கோலம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்குள்ளே கணக்கும் இருக்கிறது. பிள்ளைகள் இதை வீட்டில் போட்டுப் பாருங்கள். நேர்ப்புள்ளியில் 3க்கு 4 என்று வைத்து, எந்த இடைவெளியையும் விடாமல் எல்லா இடத்திலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்படி சுற்றினால், முழுக் கோலமும் ஒரே கோட்டில் முடியும். 4க்கு 4 வைத்தால் நான்கு தனித்தனிக் கோடுகள் வரும். 4க்கு 6 என்றால் இரண்டு. அந்த இரண்டு எண்களுக்கும் பொதுவான மிகப்பெரிய வகுஎண் எதுவோ, அத்தனை கோடுகள். வகுப்பில் மீப்பெரு பொது வகுஎண் என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அது உங்கள் பாட்டியின் விரலில் இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி மொழியின் இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்து 1974இல் கட்டுரை எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வில், கோலம் போடும் கையின் நகர்வுகளையே குறியீடுகளாக எழுதும் முறையையும் கிஃப்ட் சிரோமணி கொண்டுவந்தார். நேரே போ, இடப்பக்கம் வளை, வலப்பக்கம் சுற்று என்பதுபோல. நம் அம்மாக்கள் கோலத்தை நினைவில் வைத்திருப்பதும் அப்படித்தானே? ‘படம் ஞாபகம் இல்லடி, கை போகும்’ என்பார்கள்.

கோலத்தில் நான் மிக மதிப்பது, அது மறுநாள் இருக்காது என்பதை. யாரும் அதைச் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. அரிசி மாவாக இருந்தால் எறும்பு கொண்டுபோகும், மிச்சம் சக்கரத்தில் போகும். நேற்றுப் போட்டது சரியில்லையே என்ற கவலைக்கு இடமே கிடையாது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையில்லாதவள் ஆவேன். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, தூக்கம் போதாமல், மாமியார் கண் முன்னால் கோலம் போட வேண்டிய மருமகளுக்கு அது மன அமைதி தருகிறது என்று நான் சொல்ல மாட்டேன். அது அவளுக்கு இன்னொரு வீட்டு வேலை. அதே பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் கேட்காமல், மொட்டை மாடியில் சாக்பீஸால் இழுக்கும் சிக்குக் கோலம் வேறு. செய்யும் கை ஒன்றுதான். வேண்டும்போது எடுக்கவும், வேண்டாதபோது வைக்கவும் உரிமை இருக்கிறதா என்பதுதான் இரண்டையும் பிரிக்கிறது.

அடுத்தது என் உயிருக்கு நெருக்கமானது, ஒயர் கூடை. எழுபது, எண்பதுகளில் ஒயர் கூடை பின்னத் தெரியாத பெண் இல்லாத தெரு அபூர்வம். ரேஷனுக்கு ஒரு கூடை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூடை, கோயிலுக்குச் சின்னதாக ஒன்று. வெட்டி வைத்த ஒயரை இரண்டாக மடித்து, குறுக்கே ஓடும் ரன்னிங் ஒயரில் கோத்து, முடிச்சுப் போட்டு இழுப்பது. அடி முதலில் வரும், அதிலிருந்து பக்கங்கள் எழும்பும், கைப்பிடி கடைசி. சாதாக் கூடையில் கை பழகியதும் நெல்லிக்காய், பிஸ்கட், சிவன் கண் என்று போவார்கள். இரண்டு நிறம் சேர்த்தால் கட்டம் விழும். எந்த ஒயர் மேலே வர வேண்டும் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

கவலையுள்ள மனத்துக்கு ஏற்ற வேலையின் இலக்கணம் முழுவதும் இந்தக் கூடையில் இருப்பதாக நான் நம்புகிறேன். முதலாவது, முடிச்சு ஒன்றேதான், அது நூற்றுக்கணக்கில் திரும்ப வருகிறது. கற்றுக்கொள்ளும் சிரமம் முதல் நாளோடு முடிந்துவிடும். ஆனால் எண்ணிக்கையை விட்டுவிட முடியாது, ஆகவே மனம் முழுக்கத் தூங்கிப் போவதும் இல்லை. தப்பாகப் போட்டால் அந்த முடிச்சு வரைக்கும் பிரித்து மறுபடி போடலாம். ஒயர் வீணாகாது, யாருக்கும் நஷ்டமில்லை. வாழ்க்கையில் பிரித்துத் திரும்பப் போட முடிகிற காரியங்கள் எத்தனை இருக்கின்றன? அதோடு, உட்கார்ந்த நேரம் கண்ணுக்குத் தெரியும். காலையில் நான்கு விரல் உயரம் இருந்தது சாயங்காலம் ஒரு சாண் உயரம். மருத்துவமனை வராந்தாவில் போன பகல் முழுவதும் வெறும் பகலாகப் போகவில்லை என்று கையில் பிடித்துச் சொல்லலாம்.

நிட்டிங் பற்றி 2013இல் ஒரு சர்வதேசக் கணக்கெடுப்பு வெளியானது. 3,545 பேர் பதில் எழுதினார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். அவர்களுக்குக் கம்பளி நூல், நமக்கு ஒயர். நம் வெயிலுக்கு யார் ஸ்வெட்டர் போடப் போகிறார்கள்?

கைபேசியும் கைக்கு வேலை கொடுக்கத்தானே செய்கிறது என்று பிள்ளைகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எமிலி ஹோம்ஸ் குழுவே 2009இல் டெட்ரிஸ் விளையாட்டை வைத்துச் சோதித்து, அதுவும் காட்சிகளின் தொல்லையைக் குறைக்கிறது என்று கண்டது. ஆகவே விளையாட்டை நான் குறை சொல்லப் போவதில்லை. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும் வீடியோக்களைத்தான் சொல்கிறேன். அதில் கை எதையும் உருவாக்குவதில்லை, அடுத்து என்ன வரும் என்பதும் நம் கையில் இல்லை. எப்போது நிறுத்துவது என்று அது நமக்குச் சொல்வதும் இல்லை. கூடைக்குக் கைப்பிடி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

கைபேசியைத் தொடவே விடாத வேலை வேண்டுமானால் மண்ணுக்குப் போங்கள். இரண்டு கையும் நனைந்து சேறாக இருக்கும்போது எந்த அழைப்பையும் எடுக்க முடியாது. நம் புதுச்சேரிக்கு இதில் பெரிய சொத்து இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலையும், திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் அங்கே சக்கரத்தில் கை பழகிப் போனார்கள். இத்தனைக்கும் பக்கத்தில் இருக்கும் நாம், பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் அச்சில் அழுத்திய பிள்ளையாரை வாங்குவதோடு மண்ணை மறந்துவிடுகிறோம். ஒரு கிலோ களிமண்ணை நடுக்கூடத்தில் பழைய சாக்கின் மேல் போட்டு, குடும்பம் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பிள்ளையாரை நாமே பிடித்தால் என்ன? காது பெரிதாக இருக்கட்டும். தும்பிக்கை உடைந்தால் ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்போது நான் இங்கே சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

யாராவது ஒரு கூடையை நன்றாகப் பின்னியதும் நம் வீட்டில் முதலில் எழும் பேச்சு என்ன? ‘இதை வித்தா நல்ல காசு வருமே.’ கோலம் நன்றாக இருந்தால், ‘போட்டிக்குக் கொடேன்.’ பிள்ளை ஒரு படம் வரைந்தால், ‘சர்டிஃபிகேட் இருக்கற கிளாஸ்ல சேத்து விடு.’ அன்போடு சொல்கிறோம். ஆனால் அந்த நிமிடத்தில் அந்த வேலையிலிருந்து ஓய்வு வெளியேறிவிடுகிறது. அமெரிக்காவில் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். வரைவதில் தானாகவே விருப்பமுள்ள நர்சரிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். சில நாள் கழித்து, வண்ணப் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள்.

பிழைப்புக்குக் கைவேலை செய்கிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரோமன் ரோலன் வீதியில் குளூனி சபைச் சகோதரிகள் நடத்தும் பூத்தையல் கூடத்தில் ஊசி பிடிக்கும் பெண்கள் அந்த ஊசியால் குடும்பம் காக்கிறார்கள். பூக்கடைக்கு முழக்கணக்கில் பூத் தொடுத்துக் கொடுக்கும் பெண்ணின் விரல் வேகம் பார்த்தால் கண் கூசும். அது உழைப்பு. உழைப்புக்கு உரிய கூலியும் மரியாதையும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும், அதற்கு வேறு கூட்டம் போட்டுப் பேச வேண்டும். அந்தப் பெண்ணிடம் போய், பூத் தொடுப்பது மனத்துக்கு எவ்வளவு நிம்மதி என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். அவளுக்கும் கூலி இல்லாத, கெடு இல்லாத வேறு ஒரு கைவேலை வேண்டும் என்பதே என் பேச்சு. வருமானத்துக்கு ஒன்று இருக்கட்டும். இன்னொன்றை விலைக்கு விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆண்கள். இந்தக் கூட்டத்தில் நான்கு வரிசை ஆண்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், சந்தோஷம். ‘இதெல்லாம் பொம்பளைங்க வேலை’ என்ற பேச்சை மட்டும் இன்று இங்கேயே விட்டுப் போங்கள். அங்கோலா நாட்டில் சோக்வே என்ற மக்கள் மணலில் விரலால் புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றிக் கோடு இழுத்து, கதை சொல்வார்கள். சோனா என்று அதற்குப் பெயர். பார்த்தால் நம் சிக்குக் கோலத்தின் கூடப்பிறந்தது போலவே இருக்கும். மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பவுலஸ் கெர்டஸ் அதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அங்கே அதைப் போடுபவர்கள் ஆண்கள். அவ்வளவு தூரம் ஏன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் நம் வைத்திக்குப்பத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். கடலோடு மல்லுக்கட்டிய கைகள் நிழலில் உட்கார்ந்து வலையின் கண் கண்ணாகப் பின்னிச் சரிசெய்துகொண்டிருக்கும். ஊசியும் நூலும் ஆணின் கையில் இருப்பது அங்கே யாருக்கும் வியப்பில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறவர்கள். பெண்ணுக்கு வீட்டில் கை ஓய்வதே இல்லை, அது அவள் பாடு. ஆணுக்கோ ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் கை திடீரென்று சும்மா ஆகிவிடுகிறது. பேப்பர் படித்தாகிவிட்டது, டீ குடித்தாகிவிட்டது, மணி எட்டரைதான். அவருக்கு ஒரு மரத்துண்டும் உப்புத்தாளும் கொடுங்கள். பழைய ரேடியோவைப் பிரித்துப் பூட்டட்டும். பேரனுக்குப் பட்டம் ஒட்டட்டும். கூடை பின்ன வந்தால் நானே கற்றுக்கொடுக்கிறேன்.

கைவேலையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2015ஆம் ஆண்டில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களின் விகிதத்தில் நாட்டிலேயே முதலிடத்தில் நம் புதுச்சேரி இருந்தது. லட்சம் பேருக்கு 43.2 என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. இந்தச் சின்ன ஊருக்குள் எத்தனை வீடுகளில் அந்தத் துக்கம் என்று எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்ட இருட்டில் இருப்பவரிடம் ஒயரை நீட்டி, ‘பின்னு, சரியாகிவிடும்’ என்று சொல்வது அநியாயம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால், அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நம் தெருமுனையிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. போன் செய்து பேச வேண்டுமானால் அரசாங்கத்தின் டெலி மானஸ், எண் 14416. இந்த எண்ணை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

சிகிச்சையோடு சேரும்போது கைவேலைக்குப் பெரிய இடம் உண்டு என்பதை மருத்துவர்களே அறிவார்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குக் கூடை பின்னவும் மர வேலை செய்யவும் கற்றுக்கொடுத்த மருத்துவமனைகளின் வழியாக, தொழில்வழிச் சிகிச்சை என்ற துறையே வலுப்பெற்றது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் பல ஆண்டுகள் தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன் அம்மையார், நோயாளிகள் கையால் பொருள் செய்யும் தொழிற்கூடத்தை அங்கே ஏற்படுத்தினார். அடைத்து வைக்கும் இடமாக ஊர் பயந்த இடத்தில், மனிதர்களுக்கு ஒரு வேலையையும் அதனால் வரும் கௌரவத்தையும் கொடுத்தார். பிறகு 1984இல் மனநலத்துக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். ஒரே நேரத்தில் நாலு பொருளை வாங்கிக் குவிக்காதீர்கள். ஒன்றை எடுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி போதும். முதல் கூடையைச் சின்னதாகப் பின்னுங்கள். பெரிய கூடை பாதியில் பரணுக்குப் போய்விடும். செய்ததை முதல் மாதம் யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். அனுப்பினால் பாராட்டு வருகிறதா என்று மனம் காத்திருக்கும், மறுபடியும் பழைய காத்திருப்புத்தான். முடிந்த கூடையை விற்காதீர்கள். பிடித்தவருக்குக் கொடுங்கள், அல்லது நீங்களே கையில் மாட்டிக்கொண்டு மார்க்கெட் போங்கள்.

பின்னால் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் ஒயர் வெட்டி வைத்திருக்கிறது, பச்சையும் மஞ்சளும். இன்னொன்றில் பிசைந்த களிமண். எழுந்து வாருங்கள், ஆண்களும்தான். போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். முதல் முடிச்சு எல்லோருக்கும் கோணலாகத்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கிறேன்.